‘டிக் டிக்’ சத்தமா? டெப்பட்டைத் தொடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

தலவாக்கலையைத் தாண்டி நானுஓயா ஏற்றத்தில் என் 100 சிசி மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ‘டிக் டிக்’ என்று தட்டத் தொடங்கியது. இரண்டு முறை டெப்பட் (எஞ்சின் வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இடைவெளியைச் சரிசெய்தும் சத்தம் குறையவில்லை. காரணம் வேறிடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். லயத்து வாசலானாலும் கடை முன்றலானாலும் நம் மலையகத்தில் நிலம் சரிந்தே இருப்பதால், அங்கே பார்க்கும் அளவு பிழையாகவே காட்டும். மட்டமான சீமெந்துத் தரையில் வண்டியை நிமிர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்து, நியூட்ரலில் எஞ்சினை இயக்கிக் கிளச்சைப் பிடியுங்கள். சத்தம் மாறினால் கிளச், கியர் பக்கம் தேட வேண்டும். மாறாவிட்டால், நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் உறையில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்திக் கேளுங்கள். அடிப்பகுதியிலிருந்து கனமான ‘டொக் டொக்’ கேட்டால் எஞ்சினை உடனே நிறுத்தி, வண்டியை வேறு வாகனத்தில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

நான் ஏமாந்த இடம், சைலென்சர் குழாய் எஞ்சினோடு சேரும் மூட்டு. அங்கே கசிவைத் தடுக்கும் கெஸ்கட் பழுதாகிப் புகை கசிந்தால், எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும், அதாவது கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு முறை, சத்தம் எழும். தளர்ந்த டெப்பட்டும் அதே தாளத்தில்தான் தட்டும் என்பதால் காது மட்டும் போதாது. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மூட்டில் சவர்க்கார நீரைத் தடவி இயக்குங்கள். குமிழி எழுந்தாலோ, சுற்றிலும் கரிக்கறை இருந்தாலோ கெஸ்கட்டை மாற்றுங்கள். என் வண்டியில் அதோடு சத்தம் நின்றது.

மூட்டு சரியாக இருந்தால் மட்டுமே டெப்பட்டைத் திறக்க வேண்டும். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த பின், வண்டியின் கையேடு சொல்லும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து வையுங்கள்; விரலால் ஆட்டிப் பார்த்து வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. சத்தம் அடங்கட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்கினால் வால்வு முழுமையாக மூடாமல் கருகிவிடும். மெல்லிய சத்தம் இருப்பதே நல்லது.

பிற்சேர்க்கை: ரம்பொடை ஏற்றத்தில் மட்டும் ‘கிலுகிலு’ என்று கேட்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அது டெப்பட் அல்ல. ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால், பெரிய கியரில் எஞ்சின் திணறியதே காரணம். நிற்காவிட்டால், 92 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதிலாக ஒரு முறை 95 ஒக்டேன் நிரப்பி அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால், பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கிறதா என்று எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.