சொந்தபந்தம் எல்லாம் கூடும் கோடை விடுமுறையில் கைக்குழந்தை தாண்டிய குட்டியோடு: படிப்படியாக

எங்கே தங்குவது, யார் வண்டி எடுப்பது, எத்தனை தலையணை வேண்டும் என்பதெல்லாம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். அதற்குள் நான் போகவில்லை. தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் சில நாள் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறீர்கள். நடுவில் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை. அப்படி முதன்முறை கிளம்பும் பெற்றோருக்கான குறிப்பு இது.

படி 1: பகல் தூக்கத்தை முதலில் குறியுங்கள்

ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கமும் சேர்த்து. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் மதியம் ஒரே ஒரு நீண்ட தூக்கத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தை முதலில் குறித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றிப் போடுங்கள். வெளியே போவது காலையில், கொண்டாட்டம் மாலையில். குடும்பப் படம் எடுப்பதாக இருந்தால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். "சாப்பிட்டுவிட்டு எடுக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் வரிசையில் நிற்கும்போது குழந்தை தரையில் புரண்டுகொண்டிருக்கும்.

தூங்கும் அறை வாசலிலிருந்து தள்ளி இருக்கட்டும். வீட்டில் பயன்படுத்திய விரிப்பைத் துவைக்காமலேயே கொண்டு போங்கள், பழகிய வாசனை உதவும். வெளிச்சத்தம் கேட்காமல் தூங்க வைக்க இரைச்சல் எழுப்பும் தனிக் கருவி எல்லாம் வாங்க வேண்டாம். மின்விசிறிச் சத்தமே போதும். மடக்குக் கட்டிலும் எனக்குப் பிடிக்காது. தரையில் மெத்தை போட்டால் விழுவதற்கு இடமே இல்லை.

படி 2: போனவுடன் மண்டியிட்டு ஒரு சுற்று

பெட்டியைப் பிரிக்கும் முன் குழந்தையின் உயரத்துக்கு இறங்கி வீட்டை ஒருமுறை பாருங்கள். மாடிப்படி, தொங்கும் கயிறு, மேசை விரிப்பின் நுனி எல்லாம் நின்று பார்த்தால் கண்ணில் படாது.

நான் முதலில் தேடுவது பெரியவர்களின் கைப்பைகளைத்தான். இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கிழமை வாரியாக அடுக்கிய டப்பா எல்லாம் அதில் இருக்கும். அந்த டப்பாவை இரண்டு வயதுக் குழந்தை நிமிடத்தில் திறந்துவிடும். எல்லாப் பைகளையும் ஒரே அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போடுங்கள். தாத்தாவின் காது கேட்கும் கருவியில் உள்ள பொத்தான் பேட்டரியையும் சிறிய ரிமோட்டில் உள்ளதையும் மறக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்புறம் சூடான பானம். ஊற்றிக் கால் மணி நேரம் ஆன கோப்பைகூடக் குழந்தையின் தோலைச் சுட்டுவிடும். மேசை விளிம்பில் கோப்பை வைக்கும் மாமாவை நாசூக்காகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

படி 3: யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

எங்கள் வீட்டில் சரிப்பட்டு வர ரொம்ப நாள் ஆனது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். வீட்டில் பத்துப் பெரியவர்கள் இருந்தால் குழந்தைக்கு இருபது கண் காவல் என்று தோன்றும். நடப்பது வேறு. அத்தை பார்த்துக்கொள்கிறார் என்று அம்மா அடுக்களைக்குள் போகிறாள். குழந்தை தாத்தாவிடம் இருக்கிறது என்று அத்தை போனை எடுக்கிறார். தாத்தா கண்ணயர்ந்துவிட்டார். குழந்தை பின்வாசலில் நிற்கிறது.

"கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று அறைக்குப் பொதுவாகச் சொல்வது பொறுப்பை ஒப்படைப்பது ஆகாது. யார் காதிலும் அது விழாது. பெயர் சொல்ல வேண்டும், நேரம் சொல்ல வேண்டும், பதில் வாங்க வேண்டும். "மாமா, நாலரை வரைக்கும் நீங்கள்" என்றால் மாமா "சரி, என்கிட்ட இருக்கா" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் நீங்கள் நகரலாம்.

இதற்கு ஓர் அடையாளமும் வேண்டும். வாட்ஸாப் குழுவில் முறை போட்டுப் பார்த்தால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. சுவரில் ஒட்டிய தாள் மதியத்துக்கு மேல் தாங்குவதில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையைக் குழந்தையே பிடித்து இழுக்கும். என் தேர்வு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்று. அதைப் போட்டிருப்பவர்தான் பொறுப்பு. தோட்டத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடும். கழற்றி நாற்காலியில் வைக்கக் கூடாது, அடுத்தவர் தலையில்தான் வைக்க வேண்டும். தொப்பி போட்டவர் கையில் போன் இருக்கக் கூடாது, மது அருந்தியவர் தொப்பியைத் தொடவே கூடாது. குளியலறைக்குப் போவதென்றாலும் கைமாற்றிவிட்டுத்தான். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் தாத்தா அதைப் போட்டவுடன் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடப்பார், விளிம்பைச் சரிசெய்துகொண்டே இருப்பார்.

தண்ணீர் பக்கத்தில் இருந்தால் முறை இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கவனம் சிதறும். மூழ்கும் குழந்தை கத்தும், தண்ணீரை அடிக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும், வாளியும் ஆபத்துதான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருள், உயிர்காப்பு இல்லை. நீலம், வெள்ளை நிற நீச்சல் உடை வாங்காதீர்கள், தண்ணீருக்கடியில் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நல்லது. ஊதி நிரப்பும் குளத்தில் குளித்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். குழந்தையைக் காணவில்லை என்றால் அறைகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள்.

படி 4: வெயில்

காலை பத்து முதல் மாலை நான்கு வரை நிழல். வெளியே போனால் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்க்ரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நனைந்தால் மறுபடியும். குழந்தையின் தள்ளுவண்டியைத் துணியால் மூடுவது நிழல் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே காற்றோட்டம் நின்று சூடேறும். ஆறு மணி நேரமாக டயபர் நனையவில்லை என்றால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி ஏறிவிடும், கண்ணாடியை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. "சாவி எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்பதற்குக்கூடக் குழந்தையை உள்ளே விடாதீர்கள்.

படி 5: "வா, சித்தப்பாகிட்ட வா"

இந்த வயதில் பழகாத முகத்தைப் பார்த்ததும் அம்மா அப்பாவிடம் ஒட்டிக்கொள்வது வளர்ச்சியின் ஓர் அங்கம். வளர்ப்பில் குறை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வந்த உடனே கைக்குக் கை மாற்றாதீர்கள். உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, வந்தவரைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். அவர் குழந்தையைப் பார்க்காமல் பந்தை மட்டும் உருட்டட்டும். குழந்தை தானாக நகர்ந்து வரும். பாட்டி மனசு சுணங்கினால் சமாதானப் பேச்சு உதவாது, ஒரு வேலை கொடுங்கள். இரவுக் கதை அவருடையது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் குழந்தை அவரைத் தேடும்.

படி 6: சாப்பாடு

திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், குறுக்கே வெட்டினால் வட்டமாகத் தொண்டையை அடைக்கும். முழுக் கொட்டை வகைகளும் பாப்கார்னும் நான்கு வயது வரை வேண்டாம். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், வரும் அண்ணன் அக்காமார்களின் பொம்மைகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. குட்டிக் குட்டிக் காந்த உருண்டைகள் இருந்தால் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். மற்றச் சிறு துண்டுகளுக்கு உயரமான மேசை ஒன்றைப் பெரிய பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். "குட்டி எட்டாத இடம்" என்று அவர்களே எழுதி ஒட்டட்டும், காவலும் அவர்களே இருப்பார்கள்.

இன்னொருவர், எட்டு வயது அக்கா தொப்பி கேட்டு அழுகிறாளே என்றார். உதவியாளர் தொப்பி என்று வேறு நிறத்தில் ஒன்று கொடுங்கள். ஆரஞ்சு மட்டும் பெரியவர் தலையில்தான்.