நின்று நின்று போகும் படகு மோட்டார்: முதலில் தொடக்கூடாத திருகு

கடற்கரை ஊரான தொண்டியிலிருந்து வேனில் வந்திறங்கிய அவுட்போர்டு மோட்டாரின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்) மேல்மூடியைக் கழற்றியதும், என் பட்டறையில் வேலை பழகும் பையன் வேறெதையும் பார்க்காமல் நேராக ஐடில் ஸ்க்ரூவின், அதாவது சும்மா ஓடும்போதுள்ள வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் தலையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே காரியம். கடலில்லாத மதுரைக்குப் படகு மோட்டார் ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொச்சியிலிருந்து நம் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 தொண்டியில்தான் முடிகிறது.

மோட்டார் நின்று நின்று போனால் பழுது பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். டேங்க் காலியாக இருப்பது, கில் சுவிட்ச் (அவசரத்தில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) கயிறு கழன்றுகிடப்பது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை.

டேங்க் மூடியின் காற்றுத் திருகை மறப்பது

சில நிமிடம் ஓடி நின்று, சற்று ஓய்ந்தபின் மீண்டும் கிளம்பும் மோட்டாரில் முதலில் இதைத் திறந்து பாருங்கள்.

ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி நோயை மறைப்பது

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மேலூர்ப் பக்கம் பம்புசெட்டு என்ஜின் பார்த்துப் பழகிய கை என்னுடையது. பம்புசெட்டு ஒரே வேகத்தில் ஓடும்; அதற்குக் கியரும் கிடையாது; வேகத்தைச் சற்றுக் கூட்டிவைத்தால் உடனே எதுவும் உடைந்துவிடாது. அந்தப் பழக்கத்தோடு, கியர் போட்டதும் நின்றுவிடுகிறது என்று கொண்டுவரப்பட்ட இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றின் ஐடிலை ஒன்றரைச் சுற்று ஏற்றினேன். மோட்டார் நிற்கவில்லை, நானும் கூலியை வாங்கிக்கொண்டேன்.

உண்மையான கோளாறு கார்புரேட்டருக்குள் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் படகைக் கரையேற்றியபோது கிண்ணத்தில் விடப்பட்ட பெட்ரோல் ஆவியாகி, பிசின் போல இறுகி, குறைந்த வேகத்தில் எரிபொருள் விடும் பைலட் ஜெட்டின் மயிரிழைத் துளையைப் பாதி அடைத்திருந்தது. ஐடிலை ஏற்றும்போது, காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு சற்று விலகி, அதற்கு மேலுள்ள சிறு துளைகளின் வழியாகவும் எரிபொருள் வரத் தொடங்குவதால், அடைப்பு அடைப்பாகவே இருக்க மோட்டார் மட்டும் உயிரோடிருப்பதாகத் தோன்றும்.

விலை கொடுப்பது கீழே, கியர் பெட்டியில். அங்கே கியரைக் கோத்துப் பிடிக்கும் டாக் கிளட்சின் பற்கள் குறைந்த சுற்றில் ஒன்றோடொன்று கவ்வுவதற்காக அமைந்தவை. சிறிய மோட்டார்கள் பலவற்றில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 1000 சுற்று. சுற்று அதைவிட மிகுந்தால், ஒவ்வொரு முறை கியர் போடும்போதும் பற்களின் முனை இடிபட்டு மழுங்கும். இரண்டு மாதம் கழித்து அதே மோட்டார் திரும்பி வந்தது. முன்னோக்கி ஓட்டும் கியர் நிற்காமல் துள்ளி வெளியே வந்தது. அடிப்பெட்டியைப் பிரித்தபோது, கூர்முனையோடு இருக்க வேண்டிய பற்கள் தேய்ந்த சோப்புக்கட்டியைப் போல உருண்டிருந்தன. வடிந்த எண்ணெயில் இரும்புத் தூள் மின்னியது. படகுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நிக்காம ஓடணும்னுதானே கேட்டேன், பல்லைப் புடுங்கவா சொன்னேன் தம்பி?" என்றார். உதிரிபாகச் செலவு முழுவதையும் நானே ஏற்றேன்.

ஆகவே மோட்டார் மூச்சுத் திணறும் அந்த நொடியில், டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கிப் பாருங்கள். பிழைத்துக்கொண்டால் எரிபொருள் வந்து சேரவில்லை என்று பொருள்: ஃப்யூயல் பம்பின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு), ஹோஸ் இணைப்பு, வடிகட்டி ஆகியவற்றைப் பாருங்கள். பல்பு தானாகச் சப்பிப்போனால் தடை டேங்க் பக்கம் இருக்கிறது. பல்பினால் பயனில்லாமல், சோக்கை இழுத்தால் மட்டும் நிமிர்ந்தால் ஜெட்டைச் சந்தேகியுங்கள். இவற்றையெல்லாம் முடித்த பிறகே ஐடில் ஸ்க்ரூவுக்கு முறை வரும்.

ஜெட்டுக்குள் ஊசி விடுவது

கூடாது. துளை பெரிதாகிவிட்டால் புது ஜெட்தான்.

ட்ரம் தண்ணீரில் முடிவு சொல்வது

எங்களைப் போன்ற கடலில்லாத ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு இது பெரிய பொறி. சிறிய ட்ரம்மில் ஓட்டும்போது மோட்டார் விட்ட புகையே மேல்மூடியைச் சூழ்ந்து மீண்டும் உள்ளே போவதால், நல்ல மோட்டாரும் திணறும். கியர் போட்டாலோ தண்ணீர் நுரைத்துத் தெறிக்குமே தவிர, படகைத் தள்ளும் சுமை கிடைக்காது. வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஏக்கத்தோடு பார்ப்பதுண்டு. அங்கே தெப்பத்தையே வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். ட்ரம்மில் குளிர்ச்சித் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஐடிலை மட்டும், மோட்டாரைப் படகில் மாட்டி, தண்ணீரில் கியர் போட்ட நிலையில் சரிசெய்யுங்கள்.

பழைய பெட்ரோலை நம்புவது

எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவை மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் சிறிது பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். பையன் தொட்ட அந்த மோட்டாரின் டேங்கிலிருந்து பிடித்த பாட்டில் இப்போது பட்டறை ஜன்னலில் இருக்கிறது; அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் நிற்கிறது.