கொத்துக் கடையில் ஓர் இரவு: போனில் படமெடுத்து எடிட் பண்ணப் பழகுவது

திருகோணமலையில் யார் படமெடுக்கப் பழகக் கிளம்பினாலும் முதலில் போகிற இடம் கோணேசர் கோயில் மலைதான். நானும் அப்படித்தான் போனேன். விடிய வெள்ளன எழும்பி, கோட்டை வாசலால் நுழைந்து, வழியில் நின்ற மான்களை எடுத்து, மேலே ஏறி, கடலிலிருந்து சூரியன் கிளம்புவதையும் எடுத்து வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பதுக்கு மேல் கிளிப். எல்லாமே வடிவு. ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்த்தால் மான், கடல், மான், கடல், அவ்வளவுதான். அடுத்த முறை கரைவலை. அதிலாவது ஒரு வேலை நடக்கிறது, தொடக்கமும் முடிவும் இருக்கிறது என்று போனேன். வலை கரைக்கு வந்து, மீன் சேர்ந்திருக்கும் அதன் மடி திறக்கிற நேரம் பார்த்து போனில் இடம் தீர்ந்துவிட்டது. இன்னொருக்கா இழுங்கோ அண்ணா என்று கேட்க முடியுமா?

அதனால் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: திரும்பத் திரும்ப நடக்கிற ஒரு வேலையைப் பிடியுங்கள். கொத்து ரொட்டி போடுகிற கடையை விடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு கொத்து சில நிமிடங்களில் முடிந்துவிடும், உடனே அடுத்தது தொடங்கும். முட்டை உடைக்கிற கையைத் தவற விட்டீர்களா, பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் அந்தக் கை இன்னொரு முட்டையை உடைக்கும். ஒரே கமராவோடு ஒரே வேலையை ஐந்து கோணத்தில் எடுக்க இப்படி ஒரு வசதி வேறெங்கே கிடைக்கும்? இரண்டு நிமிடப் படம் போதும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

முதல் நாள் கமராவைத் தூக்காமல் போய் ஒரு கொத்து வாங்கிச் சாப்பிடுங்கள். அப்புறம் முதலாளியிடமும் கொத்துப் போடுகிற அண்ணாவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாளி ஓம் என்று சொன்னதாலேயே அண்ணாவுக்கு விருப்பம் என்று ஆகிவிடாது. ஏழு எட்டு மணிக் கூட்டத்தில் குறுக்கே நிற்காமல், கொஞ்சம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். சாப்பிடுகிறவர்களின் முகத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். (நகரத்தில் வெளியே படமெடுப்பதானால் இன்னொன்று: கோட்டைக்குள்ளும் துறைமுகப் பக்கமும் படை முகாம்கள் இருக்கின்றன, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பி வீண் வில்லங்கம் தேட வேண்டாம்.)

இனி போன். லென்ஸைச் சட்டையால் துடையுங்கள், கடைக்குள்ளே பத்து நிமிடத்துக்கு ஒருக்கா திரும்பவும் துடையுங்கள், ஏனென்றால் எண்ணெய்ப் புகை படிந்தால் ஒவ்வொரு விளக்கும் பஞ்சு மாதிரித் தெரியும். ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். 1080பி போதும், 4கே வேண்டாம். நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை பிடிக்கும், ஆகவே 4 ஜிபி காலியாக இருந்தால் அரை மணி நேரம் எடுக்கலாம்.

பலர் தடுமாறுவது விளக்கில்தான். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, நொடிக்கு 30 பிரேமில் (30 படங்களாக) எடுக்கிற போனுக்குத் தெரிந்துவிடும், படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போகும். 25 பிரேமும் 1/50 ஷட்டரும் (ஒவ்வொரு பிரேமும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்கும்) வைத்தால் சரி. உங்கள் போனின் கமராவில் அந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கமரா என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது, அதில் இரண்டையும் நீங்களே வைக்கலாம். அதோடு திரையில் இரும்புத் தட்டு இருக்கிற இடத்தை அழுத்திப் பிடித்து ஒளியையும் போகஸையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை ஆவி கிளம்பும்போதும் படம் வெளுத்து வெளுத்துக் கறுக்கும்.

எடுக்கும்போது அசையாதீர்கள். சுவரிலோ மேசையிலோ முழங்கையை ஊன்றி, ஒவ்வொரு ஷொட்டையும் குறைந்தது பத்து நொடி வைத்திருங்கள். கடை முழுக்கத் தெரிய ஒன்று, அண்ணா இடுப்பிலிருந்து தெரிய ஒன்று, ரொட்டியைக் கொத்துகிற தகடுகளும் தட்டும் மட்டும் ஒன்று, அவர் முகம் ஒன்று, பார்சல் கட்டுகிற கை ஒன்று. எல்லாவற்றையும் தட்டின் ஒரே பக்கத்தில் நின்றே எடுங்கள். அந்தப் பக்கம் தாண்டிப் போனால், ஒட்டும்போது அவர் இடப்பக்கம் பார்த்துக் கொத்தி, அடுத்த நொடியில் வலப்பக்கம் பார்த்துக் கொத்துவார். முக்கியம்: முட்டைக் கொத்து என்றால் எல்லாம் முட்டைக் கொத்தாகவே இருக்கட்டும். என் முதல் படத்தில் முட்டை ஊற்றித் தொடங்கிய கொத்து கோழிக் கொத்தாக முடிந்தது, வகுப்பே சிரித்தது.

சத்தம் படத்தை விடப் பெரிது. தகடு தட்டில் விழுகிற சத்தம் பக்கத்தில் நின்றால் போனுக்குத் தாங்காது, கரகரவென்று உடைந்துதான் பதியும். ஒரு நண்பனின் போனை மூன்று நான்கு மீட்டர் தள்ளி, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் வைத்து, குரல் பதிவைப் போட்டு, ரொட்டி தட்டில் விழுவதிலிருந்து பார்சல் வரை ஒரு முழுக் கொத்தை வெட்டாமல் பதியுங்கள். கடையின் சும்மா இரைச்சலும் ஒரு நிமிடம் வேண்டும்.

எடிட்டுக்கு கணினி இருந்தால் டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பே போதும். இல்லையென்றால் போனில் கப்கட். ரிசால்வில் கிளிப்களை உள்ளே இழுக்கும் முன்பே புரொஜெக்டை 25 பிரேமுக்கு வையுங்கள், பிறகு மாற்ற விடாது. படத்தில் கை வைக்காமல் முதலில் அந்த முழுக் கொத்தின் சத்தத்தை டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்குகிற பட்டையில்) போடுங்கள். படங்களை அதன் மேல் அடுக்குங்கள். வேறு வேறு கொத்துகளில் எடுத்த ஷொட்கள்தான், ஆனாலும் சத்தம் அறாமல் ஓடுவதால் பார்க்கிறவருக்கு ஒரே கொத்தாகத் தெரியும். முகம், வரிசை, பார்சல் இவற்றை எங்கும் வைக்கலாம். தகடு தட்டில் விழுவது தெரிகிற ஷொட்டை மட்டும் அப்படி வைக்க முடியாது, ஒரு அடி பிந்தினாலும் கண் பிடித்துவிடும், அந்த இடத்தில் அடியும் சத்தமும் ஒன்றாக விழும்வரை பிரேம் பிரேமாக நகர்த்துங்கள்.

வெட்டுவதை அசைவின் நடுவில் வெட்டுங்கள். தூர ஷொட்டில் முட்டையோடு கை கீழே வரத் தொடங்குகிறது, பாதியில் வெட்டி, கிட்ட எடுத்த ஷொட்டில் முட்டை விளிம்பில் படுகிறது. கை நின்ற பிறகு வெட்டினால் படமும் நிற்கும். டிரான்சிஷன், ஸ்லோமோஷன், பாட்டு எதுவும் முதல் படத்துக்கு வேண்டாம், தகடுகளே தாளம் போடுகின்றன.

1080பி, 25 பிரேம், எச்.264 (வீடியோவைச் சுருக்குகிற ஒரு முறை) என்று வெளியே எடுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், டொக்கியூமென்டாக அனுப்புங்கள். முதல் பிரதி கொத்துப் போட்ட அண்ணாவுக்கு. நாங்கள் அனுப்பியதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "தம்பி, உப்புப் போட்டதை ஏன் வெட்டினீங்கள்?" உண்மைதான், அந்த ஷொட்டை நாங்கள் எடுக்கவே இல்லை. அடுத்த கிழமை உப்புக்காக மட்டும் திரும்பிப் போனோம்.