கரைவேட்டியை மடித்து வைத்துவிட்டுக் கிராம சபைக்கு வாருங்கள்

தமிழ்நாட்டில் ஒன்றியக் கவுன்சிலரையும் மாவட்டக் கவுன்சிலரையும் கட்சிச் சின்னத்தில் தேர்ந்தெடுக்கிறோம். ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. குடிநீர்த் தொட்டியைக் கழுவவும் தெருவிளக்கை மாற்றவும் கட்சி எதற்கு என்கிற நியாயம் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

நடைமுறையில் யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். தலைவர் ஒரு கட்சி என்றால் மற்றக் கட்சிக்காரர்கள் கிராம சபைக்கு வருவதில்லை. வந்தாலும் கூச்சல் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். பிறகு வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாகக் கணக்கை முடிக்கிறார்கள். தொட்டி கழுவப்படாமலே கிடக்கிறது.

இதை மாற்ற யாரும் கட்சியை விட்டு விலக வேண்டியதில்லை. ஒரே ஒரு வேலை, அதற்கான அளவுகள், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு தீர்மானம், இவ்வளவுதான் தேவை. கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை வழக்கமான கிராம சபை நாள்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊரிலும் சபை உண்டு, அவர் தலைமையில் நடக்கும்.

யாரைச் சேர்ப்பது

ஏழு முதல் ஒன்பது பேர் போதும். எல்லோரும் செய்கிற தவறு, எந்தக் கட்சியும் சாராதவர்களை மட்டும் தேடிப் பிடிப்பது. அவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள், ஆனால் அவர்கள் சொல்லிக் கூட்டத்துக்கு நாலு பேர் வரமாட்டார்கள். ஊரில் எந்த வீட்டில் யாருக்கு என்ன பிரச்சினை என்று தெரிந்தவர் கட்சியின் கிளைச் செயலாளர்தான். ஊரில் செல்வாக்குள்ள கட்சி ஒவ்வொன்றிலிருந்தும் அப்படி ஒருவர் வர வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து குறைந்தது மூன்று பெண்கள், ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் ஒருவர். காலனியிலிருந்து ஒருவரும் இல்லை என்றால் அந்தக் குழுவை ஊர்க் குழு என்று சொல்லாதீர்கள். பல ஊர்களில் கட்சிச் சண்டை என்று நாம் சொல்வது தெருவுக்கும் தெருவுக்கும் உள்ள பழைய சண்டைதான், கட்சி அதன் மேல் போர்த்திய துண்டு.

முதல் சந்திப்பைக் கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வைக்க வேண்டாம். நூலகம், பள்ளிக்கூட வளாகம், சமுதாயக்கூடம் நல்லது. அழைக்கும்போது நேரில் போய் அழையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது அரை மணி நேரத்தில் எதிர்க்கட்சியின் குழுவுக்குப் போய், யார் பின்னால் இருக்கிறார்கள் என்கிற ஆராய்ச்சி தொடங்கிவிடும்.

எந்த வேலையை எடுப்பது

ஊராட்சியின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும், எண்ணிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், எல்லாத் தெருவையும் தொட வேண்டும், ஆறு மாதத்தில் முடிய வேண்டும். சாலையை முதல் வேலையாக எடுக்காதீர்கள். அதில் ஒப்பந்தப் பணம் இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது, கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்கிற தகராறு இருக்கிறது. குடிநீர் நல்ல தொடக்கம். வறண்ட குழாய்க்குக் கட்சி தெரியாது.

வேறு வேறு கட்சிக்காரர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஊரைச் சுற்றுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு கணக்கு வரும், அதை வைத்தே சபையில் சண்டை தொடங்கும்.

அளக்கும் முறை இது. 10 லிட்டர் வாளியும் கைபேசிக் கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள முதல் குழாயிலும், வரிசையின் கடைசிக் குழாயிலும் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். தண்ணீர் விட்ட நேரம், நின்ற நேரம் இரண்டையும் எழுதுங்கள். ஒரே நாளில் அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது, அன்று மின்சாரம் தடைபட்டிருக்கலாம். மூன்று நாள் அளந்தால் யாரும் மறுக்க முடியாது. வீடுதோறும் குழாய்க் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம். "எங்கள் தெருவுக்குத் தண்ணீரே வருவதில்லை" என்று சொன்னால் அது குற்றச்சாட்டு, பதில் குற்றச்சாட்டு வரும். "15 குடம் வர வேண்டிய இடத்தில் 6 குடம் வருகிறது" என்றால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அளவோடு தரத்தையும் பாருங்கள். தொட்டி கடைசியாகக் கழுவிய தேதி அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான கணக்கு, 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அதை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். பவுடரை அப்படியே கொட்டினால் கசடு தொட்டிக்குள் சேரும். மூட்டையைத் திறந்துபோட்டுப் பல மாதம் வைத்திருந்தால் வீரியம் போய்விடும், எடை சரியாக இருந்தும் பயன் இருக்காது. ஆகவே கடைசிக் குழாயில் குளோரின் சோதனைப் பெட்டியால் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் ஒன்றுமே இல்லை என்றால், வழியில் குழாய் உடைந்து அழுக்கு நீர் கலக்கிறதா என்று தேடுங்கள். இந்தச் சோதனையைத் தொட்டி இயக்குபவரோடு சேர்ந்து செய்வது முக்கியம். குறைந்த கூலிக்கு வேலை செய்கிற அந்த மனிதரைக் குற்றவாளியாக்கித் தொடங்கினால் உண்மை ஒன்றும் வெளியே வராது.

கணக்கைப் படியுங்கள்

கையில் பணம் இருக்கிறதா என்று தெரியாமல் தீர்மானம் போடுவது வீண். ஊராட்சியின் வரவு செலவு விவரம் படிவம் 30 என்ற பெயரில் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். கூட்டத்தன்று பிளெக்ஸில் தொங்குவதைப் பார்த்துப் புரிந்துகொள்ள நேரம் இருக்காது, முன்பே கேளுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தும் திட்டங்களையும் செலவுகளையும் பார்க்கலாம். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாய், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று பணம் வரும் வழிகளைப் பிரித்து எழுதுங்கள். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டப்பட்டது. இப்படி எந்தப் பணம் எதற்குக் கட்டப்பட்டது என்று தெரிந்தால், "நிதி இல்லை" என்ற ஒற்றைப் பதிலோடு திரும்ப வேண்டியிராது.

ஊராட்சிச் செயலரிடம் இரண்டு பேராகப் போங்கள், வேறு வேறு கட்சிக்காரர் இருவர். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே நுழையாதீர்கள். அவர் வாயை மூடிக்கொள்வார், தலைவர் கதவை மூடுவார். கேட்டும் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஆறு வாரம் முன்பே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். "எல்லா ஆவணமும் வேண்டும்" என்று கேட்காமல், "குடிநீர்ப் பராமரிப்புக்குக் கடந்த நிதியாண்டில் செலவிட்ட தொகையின் பற்றுச்சீட்டு நகல்கள்" என்று குறுக்கிக் கேளுங்கள்.

கணக்குக் கேட்பதைப் பகை என்று நினைப்பவர்கள் உத்திரமேரூர் வரை போய் வரலாம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கின. அந்தச் சபை நிலமுள்ள அந்தணருக்கு மட்டும் உரியது, பெண்களுக்கு இடமில்லை. அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. கணக்கு பற்றிய விதி மட்டும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

தீர்மானத்தை எழுதுவது

இங்கேதான் பெரும்பாலான முயற்சி கெடுகிறது. "குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்காத நிர்வாகத்தைக் கண்டித்து" என்று ஆரம்பித்தால் பாதி ஊர் கையெழுத்துப் போடாது. "நல்லாட்சி தரும் தலைவருக்கு நன்றி தெரிவித்து" என்று ஆரம்பித்தால் மறுபாதி போடாது. கண்டனமும் நன்றியும் இல்லாமல் இடம், அளவு, வேலை, நிதி, பொறுப்பு, தேதி ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். மாதிரி ஒன்று:

"3-ஆவது வார்டு 30,000 லிட்டர் தொட்டியிலிருந்து வடக்குத் தெருவின் கடைசி எட்டு வீடுகளுக்குப் போதிய குடிநீர் வருவதில்லை. மூன்று நாள் அளந்ததில் 10 லிட்டர் நிரம்ப முதல் குழாயில் 50 நொடியும் கடைசிக் குழாயில் 4 நிமிடமும் ஆனது. பிரதானக் குழாயில் வால்வு பொருத்தி இரு பகுதிகளுக்கும் முறைவைத்து நீர் விடவும், பள்ளி முன்பும் பாலத்தடியிலும் உள்ள கசிவுகளை அடைக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது. செலவு: நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பகுதி. பொறுப்பு: ஊராட்சிச் செயலர், 3-ஆவது வார்டு உறுப்பினர். முடிக்க வேண்டிய நாள்: அடுத்த கிராம சபைக்கு முந்தைய நாள்."

ஒரு கூட்டத்துக்கு இப்படி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பதினைந்து தீர்மானம் கொடுத்தால் பதினைந்தும் ஏட்டில் ஏறும், எதுவும் நடக்காது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு அறிவிப்பு வர வேண்டும். அதற்கும் முன்பே உங்கள் தீர்மானத்தைத் தலைவரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்காரர்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்த ஒரு சின்ன ஏற்பாடு பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

சபை நாளில்

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். குறைவெண் வரம்பு உண்டு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் சேர்ப்பதைத் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவரவர் கட்சி ஆட்களை அவரவர் கூட்டி வருவது என்று பிரித்தால், வந்து உட்காரும்போதே இரண்டு அணியாக உட்காருவார்கள்.

கொடி, துண்டு, கரைவேட்டி, தலைவர் படம் போட்ட பேனர் எதுவும் வேண்டாம் என்று எல்லாக் கட்சியும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கட்டி வந்தாலும் அடுத்த சபைக்கு அத்தனை பேரும் கட்டி வருவார்கள். முதலில் பெண்கள் பேசட்டும். தண்ணீர் பிடிப்பவர்கள் அவர்கள், அவர்கள் பேச்சு நேராகக் குழாய்க்குப் போகும். ஆளுக்கு மூன்று நிமிடம். இடையில் யாராவது மாநில அரசியலை இழுத்தால் அவருடைய கட்சிக்காரரே நிறுத்த வேண்டும்: "அண்ணே, அதைச் சாயங்காலம் டீக்கடையில பேசிக்கலாம். இப்ப மூணாவது வார்டு தொட்டிக்கு வாங்க." எதிர்க்கட்சிக்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் சண்டை வரும்.

தீர்மானம் பதிவேட்டில் எழுதி முடிந்த பிறகு அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வருகைக்குப் போடும் கையெழுத்து வேறு, தீர்மானத்தை ஏற்பது வேறு. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது, பின்னால் அதில் என்ன எழுதினாலும் உங்கள் பெயரில் நிற்கும். எழுதிய பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு

ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் எதிரெதிர்க் கட்சி என்றால் எல்லாம் சரியாக நடந்தும் வேலை இங்கே வந்து நிற்கும். முதலில் துணைத் தலைவரின் கட்சிக்காரரை அனுப்பிப் பேசுங்கள். மறுப்புக்கு உண்மையான காரணமும் இருக்கலாம், மதிப்பீடு கூடுதலாகப் போடப்பட்டிருக்கலாம். அதையும் கேட்டுச் சரிபாருங்கள். காரணமே இல்லாமல் இழுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) எழுதுங்கள், அதற்கு மேல் மாவட்ட ஆட்சியருக்கு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தலையிட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் தீர்மான எண், தேதி, பக்கத்தின் படம் இருக்கட்டும். எல்லாத் தரப்பும் கையெழுத்திட்ட மனுவை ஒரு கட்சியின் புகார் என்று ஒதுக்க முடியாது.

வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் சிறிய பலகை வையுங்கள்: செய்த வேலை, தொகை, நிதியின் பெயர், முடித்த தேதி. ஆள் பெயர் எதுவும் வேண்டாம். பெயர் போட்டால் அடுத்த வேலையை மற்றவர் தடுப்பார். நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்றால் குழி தோண்டிக் குழாய் மாற்றிய தொழிலாளர்களுக்குச் சபையில் சொல்லுங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து குழுவின் பெயரில் எதையும் பொதுவில் செய்ய வேண்டாம். அவரவர் கட்சிக்கு வேலை பார்க்கட்டும், அதில் தவறில்லை. அளக்கும் நோட்டை அந்த நாள்களில் நூலகரிடம் கொடுத்து வையுங்கள். ஓட்டு எண்ணி முடிந்த வாரத்தில், இதுவரை சேர்ந்து நடக்காத வேறு இரண்டு பேரிடம் அதை எடுத்துக் கொடுத்து, அதே இரண்டு குழாய்களிலிருந்து மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள்.