"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் போதாது

திருகோணமலையில் யாரைக் கண்டாலும் நாம் முதலில் கேட்பது "சாப்பிட்டீர்களா?" என்றுதான். பதிலும் எப்போதும் "ஓம், சாப்பிட்டேன்" என்பதுதான். அது உபசாரம். உபசாரத்துக்கு யாரும் "இல்லை" என்று சொல்வதில்லை. கிளினிக்கில் மருத்துவரும் தாதியரும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, வீட்டில் உணவுக்குக் குறைவில்லை என்று முடிவுகட்டுவது பெரிய தவறு.

அமெரிக்காவின் சமூக சுகாதார நிலையங்கள் பலவற்றில் இதற்கென்றே இரண்டு வினாக்கள் உண்டு. கடந்த 12 மாதங்களில், கையில் காசு வருமுன் உணவு முடிந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா? வாங்கிய உணவு போதாமல், மேலும் வாங்கக் காசும் இல்லாமல் இருந்ததுண்டா? இரண்டில் ஒன்றுக்கேனும் "அடிக்கடி" அல்லது "சில வேளைகளில்" என்று விடை வந்தால், அந்த வீட்டைக் கவனிக்க வேண்டும். 12 மாதங்கள் என்று கேட்பதில் நமக்கும் பொருள் உண்டு. மாரியில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் குச்சவெளியிலும் மூதூரிலும் அடுப்பு எரிவதே வேறு மாதிரி. கடல் அடங்கிய ஆடியில் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் அது தெரியவராது.

எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஒருமுறை அம்மாவுடன் கிளினிக் வாங்கில் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணின் கிளினிக் கொப்பியைப் புரட்டிய தாதி, "மருந்தை ஒழுங்காகப் போடுவதில்லையா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அதட்டினார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது என் அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: "இரவில் வெறும் தேத்தண்ணீர்தான் என்றால் குளிசையை விட்டுவிடுவேன். போட்டால் கை கால் நடுங்கி வியர்க்கிறது."

அவர் செய்தது அறியாமை அல்ல. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும், சாப்பாடு தவறிய நாளில் இரத்தத்துச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். காரணம் கேட்காத மருத்துவர், சீனி கூடியிருப்பதைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவை நோயாளி வெறும் வயிற்றில் போட்டால் மயங்கி விழுவார். அளவைக் கூட்டுமுன் "சாப்பாடு இல்லாத நாளில் இந்தக் குளிசையை என்ன செய்கிறீர்கள்?" என்று தனியறையில் ஒரு தடவை கேளுங்கள். அப்படியான நாளில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்பதையும் கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.

உடல் பருத்தவருக்குப் பசி இராது என்று நினைப்பதும் தவறு. பாணும் சீனித் தேநீரும்தான் மலிவு என்றால் உடம்பு பருக்கும், சத்து இராது. அப்பிள் சாப்பிடுங்கள், பால்மா குடியுங்கள் என்று அவர்களிடம் சொல்வது கொடுமை. முருங்கையிலை, பயறு, மலிவாகக் கிடைக்கும் நாளில் சூடை மீன் என்று கைக்கு எட்டுவதைச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குளிசையோடு தேநீர் குடிக்கக் கூடாது என்ற ஒரு வரிக்குச் செலவே இல்லை.

தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் 1973 முதல் வழங்கப்படும் சத்துமாவான திரிபோஷாவை, அது யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அந்தத் தாயோ பிள்ளையோ மட்டும்தான் சாப்பிடுகிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பசித்த வீட்டில் 750 கிராம் பொதி எல்லோருக்குமாகப் பிரிந்துவிடும். அதற்காகத் தாயை ஏசாமல், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரிவியுங்கள்.

கடைசியாக, "பிரதேச செயலகத்தில் போய்க் கேளுங்கள்" என்று சொல்லிக் கைகழுவுவது. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டவருக்கு அங்கே யாரைப் பார்ப்பது, எந்தக் கடதாசி கொண்டுபோவது என்று தெரியாது. வெருகலின் உட்கிராமத்திலிருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் போகும். அவர் முன்னிலையிலேயே கிராம உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுங்கள், கையில் ஒரு கடிதம் கொடுங்கள். அடுத்த கிளினிக் நாளில் சீனியின் அளவைப் பார்க்குமுன், அந்தக் கடிதம் என்னவாயிற்று என்று கேளுங்கள்.