இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள்

மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளுக்கு மாற முடிவெடுக்கும் அலுவலகங்கள் பலவும் எடுத்த எடுப்பிலேயே விண்டோஸ் போன்ற இயங்குதளத்தில் கை வைத்துவிடுகின்றன. பிரான்சின் ழாந்தார்மெரி காவல்படை அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டது. 2005இல் அலுவலகப் பணிகளுக்கு ஓப்பன் ஆபிஸ் வந்தது. அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சலும் வந்தன. 2008இல்தான் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவுக்கு மாறத் தொடங்கினார்கள். விண்டோஸில் இருந்தபடியே அந்தச் செயலிகளில் கை பழகியிருந்ததால், தளம் மாறியபோது காவலர்கள் புதிதாகக் கற்கவேண்டியது சொற்பமாகவே இருந்தது. நீங்களும் இந்த வரிசையிலேயே செல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு தேவை. எந்தப் பிரிவில் எந்த விரிதாள் மேக்ரோவை (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலை) நம்பி ஓடுகிறது, எந்த அச்சுப்பொறிக்கு லினக்ஸில் அதை இயக்கும் மென்பொருள் (இயக்கி) இல்லை, எந்த அரசு இணையதளம் குறிப்பிட்ட உலாவியைக் கேட்கிறது என்பவற்றை, அன்றாடம் அந்த வேலையைச் செய்பவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேலாளருக்குப் பெரும்பாலும் இது தெரியாது. நம் அலுவலகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளும் இருக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. புதிய ஆவணங்களை ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவில் சேமியுங்கள். 2006 முதல் அது ஐஎஸ்ஓ தரமாக உள்ளது.

உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தை மிச்சம் என்றே எண்ணாதீர்கள். பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் அதில் பெரும்பகுதி போகவேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. கடித வார்ப்புருக்களுக்காக வோல்மக்ஸ் என்ற ஓப்பன் ஆபிஸ் நீட்சியைக்கூடச் சொந்தமாக உருவாக்கியது. ஆயினும் 2017இல் நகர்மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. சிதறிக் கிடந்த தகவல்தொழில்நுட்பப் பிரிவுகளும், தலைமை மாறியதும் தளர்ந்த அரசியல் ஆதரவும் மென்பொருளின் குறைகளைவிடக் கூடுதலாகக் கெடுத்தன என்பது என் கணிப்பு. ஆகவே பொறுப்பை ஒரே குழுவிடம் கொடுத்து, மேலிடத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நிரலாளர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்ட திருத்தத்தை ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மீண்டும் பொருத்த நேரிடும் என்பதால், அதை அந்த மென்பொருளை உருவாக்கும் திட்டத்துக்கே அனுப்பி ஏற்கச் செய்யுங்கள். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் கொண்ட நிரலைத் திருத்தி உள்ளுக்குள் பயன்படுத்தும்வரை மூலநிரலை வெளியிடும் கட்டாயமில்லை. பிறருக்கு விநியோகித்தால், பெறுபவருக்கு மூலநிரலும் கிடைக்கச் செய்யவேண்டும்.