பித்தளை விளக்கு ப்ளைவுட்டாகத் தெரிந்த சிக்கல் தீர்ந்தது – என் அனுபவம்

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில், சிங்கப்பூர் தெம்பனிஸ் தோழி ஒருத்தி தீபாவளிக்காக அங்குள்ள லிட்டில் இந்தியாவான தேக்காவைக் குட்டியாகக் கட்டியிருந்தாள். எல்லாருக்கும் பளபளத்த பித்தளைக் குத்துவிளக்கு என் திரையில் மட்டும் ப்ளைவுட் பலகையாக நின்றது. அந்த உலகுக்குள் நுழைய உதவும் மென்பொருள்தான் வியூவர்; வெளியார் உருவாக்கிய ஒரு வியூவரின் புதிய 7.1.9 பதிப்பை அப்போதுதான் நிறுவியிருந்தேன்.

கேஷை (கணினியில் சேமித்து வைத்த தற்காலிகக் கோப்புகளை) அழித்தேன், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், வைஃபையை விட்டுக் கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் பார்த்தேன். பலனில்லை. பல நாள் மாலைப்பொழுது இதிலேயே போனது.

கடைசியில் உதவி மெனுவில் ‘அபவுட்’ சாளரத்தைத் திறந்தால் 6.6.17 என்று இருக்கிறது! புதியது வேறு கோப்புறையில் உட்கார்ந்திருந்தது. டாஸ்க்பாரில் பின் செய்த ஐகான் பழையதையே திறந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே அமைப்புக் கோப்புகளைப் பகிர்வதால் உள்நுழைவுப் பெயர், பொத்தான்கள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் கண்ணில் படவே இல்லை.

பதிப்பு எண்ணில் முதலில் பார்க்க வேண்டியது முதல் இலக்கத்தை. உலோகம் போன்ற பரப்புகளை நிஜம்போல் மின்னவைக்கும் பிபிஆர் மெட்டீரியல் 7-இல்தான் வந்தது; அந்த விளக்கும் அதில் செய்ததுதான். 6 அதைப் படிக்காது, அடியில் இருக்கும் பழைய டெக்ஸ்சரை (மேற்பரப்புப் படத்தை), இங்கே ப்ளைவுட்டைத்தான் காட்டும். இன்னொரு அடையாளமும் உண்டு: கிராஃபிக்ஸ் அமைப்பில் ‘அட்வான்ஸ்டு லைட்டிங்’ தேர்வுப்பெட்டி இருந்தால் அது பழையது. 7-இல் அந்த ஒளியமைப்பு எப்போதும் இயங்குவதால் பெட்டியையே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன, பழைய ஐகானை நீக்கி, புதிய கோப்புறையிலிருந்து நேராகத் திறந்து, மறுபடி பின் செய்தேன். விளக்கு மின்னியது. அப்பாடா!